அங்கப்பிரதட்சணம் செய்த கோல்கீப்பர்

அங்கிள்,

போனவருக்குக் கடிதம் எழுதுவது அசட்டுத்தனம்தான், மன்னியுங்கள். இருந்தபோதே உங்களிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவள் இல்லை நான். இன்று கார் டிக்கியைத் திறந்ததும் உங்கள் கோல்கீப்பர் கையுறைகளின் வாடை குப்பென்று அடித்தது. டெக்சாஸ் வெயிலில் வெந்த ரப்பர், வியர்வை, புல்.

வரும் ஞாயிறு உங்கள் நினைவுக் கூட்டம். ஆன்ட்டி என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். மேடை ஏறியது அந்தப் பட்டத்தை வாங்க மட்டும்தான். அங்கே யாரும் பேசச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம், என்ன பேசுவது என்பது. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து. ஆன்ட்டிக்குத் தெரியாததும் அது ஒன்றுதான்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பந்தையே தொடக்கூடாது என்று அவர் தடை போட்டிருந்தார். அதனால் ஞாயிறு காலைகளில் "கோவிலுக்கு" என் காரில் ஏறுவீர்கள். இர்விங்கில் நம் அபார்ட்மென்ட்டிலிருந்து பூங்கா வரை ஃப்ரீவே முழுக்க ஒரே கதை. கிளாஸ்கோவில் வேலை பார்த்தபோது நீங்கள் தெரிந்துகொண்ட, ஸ்காட்லாந்தின் ஆதிகால கோல்கீப்பர் ஒருவரின் கதை.

"அப்பல்லாம் க்ராஸ்பாரே கிடையாதும்மா. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு நாடா. பந்து மேல போச்சா, கீழ போச்சான்னு சண்டை போட்டே பாதி மேட்ச் முடிஞ்சிடும்."

"நெட்?"

"நெட்டாவது! ஓடிப் போய் எடுத்துட்டு வரணும். நம்ம ஆளுதான் கேப்டன், அவரேதான் கோலி. இங்கிலாந்தோட மேட்ச். நின்னு நின்னு போரடிச்சிருக்கும் போல. முன்னாடி ஆடுறவனைக் கூப்பிட்டு கோல்ல நிறுத்திட்டு, இவர் கோல் போடக் கிளம்பிட்டார்!"

"போட்டாரா?"

"எங்க! ரெண்டு பக்கமும் சைபர். அப்புறம் க்ளப்ல சண்டை. ரிசைன் பண்ணிட்டு வேற க்ளப்ல ஜாயின் பண்ணிட்டார். நம்ம ஐடி பசங்களுக்கெல்லாம் முன்னோடிம்மா அவர்."

ஒரு ஞாயிறு நீங்களும் அதையே செய்தீர்கள். ஓரமாக நின்றிருந்த என்னிடம் "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று கையுறைகளைத் திணித்துவிட்டு, நொண்டியபடி எதிர்ப்பக்கம் ஓடினீர்கள்.

"அங்கிள், யூ கான்ட் டூ தட்!" என்று எதிரணிப் பையன் கத்தினான்.

"ஸ்காட்லாந்துல பண்ணாங்கடா!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து என் வயிற்றில் பட்டுத் திரும்பியது. அன்றே என்னை டீமில் சேர்த்துவிட்டீர்கள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து விபூதி எடுத்துப் பூசிக்கொள்வீர்கள். அன்று பூசியும் பயனில்லை. சட்டையெல்லாம் புல்கறை.

"என்னங்க இது கோலம்?" என்றார் கதவைத் திறந்த ஆன்ட்டி.

"அங்கப்பிரதட்சணம் பண்ணேன்."

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"உருள்றதுக்கு முட்டி எதுக்குடி?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். "ஆமா ஆன்ட்டி, நல்லா உருண்டார்" என்றேன். அது பொய்யில்லை.

பிறகு என்னை வழியனுப்பும் சாக்கில் படி வரை வந்து, "அவகிட்ட மூச்சு விடாதே, சத்தியம் பண்ணு" என்று கை நீட்டினீர்கள். பண்ணினேன். அந்த வாரமே உங்கள் பக்தி அபார்ட்மென்ட் முழுக்கப் பரவியது. "அவரைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று மேல்வீட்டு அங்கிளுக்குத் தினமும் திட்டு விழுந்ததாம்.

குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இப்போது கோலில் நான்தான் நிற்கிறேன். "லெஃப்ட்ல ஆளு! லெஃப்ட்ல ஆளு!" என்று நான் போடும் சத்தம் பார்க்கிங் வரை கேட்கிறதாம். அந்தக் குரல் மேடையில் வருமா, தெரியவில்லை.

ஞாயிறன்று எல்லோரும் உங்கள் பக்தியைத்தான் பேசப்போகிறார்கள். நேற்று ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் சொன்ன கதையெல்லாம் எனக்கு மனப்பாடம்மா. இனிமே புதுசா ஒண்ணும் வராதுல்ல? எனக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரிஞ்சா, அதைப் பேசேன்."

என்னிடம் ஒன்று இருக்கிறது, அங்கிள். சொன்னால் உங்கள் பக்திக்குக் கொஞ்சம் சேதாரம் வரும். ஆன்ட்டி உங்களைத் திட்டுவார். திட்டட்டுமே, உங்களைத் திட்டி எத்தனை நாளாகிறது அவருக்கு!

என்னிடம் வாங்கிய சத்தியத்தைத் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள்.