அம்மா போயாச்சு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று விசாரிக்கப் பொறுமை இல்லை. உனக்கு அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கூப்பிட்டால் போன் அணைத்திருக்கிறது. அதனால்தான் உன் ஊருக்குக் கிளம்பும் மாடிவீட்டு நர்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன் என்றிருக்கிறாள்.

நடந்ததை முழுதாகக் கேள். அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஸ்கேன் எடுக்க நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். உன் மாமா பேச்சில் எவ்வளவு கஞ்சர் என்பது உனக்குத் தெரியாததா? குடும்பக் குழுவில் "அம்மா போயாச்சு" என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஸ்கேனுக்கு என்று ஒரு சொல் சேர்த்தால் விரல் தேய்ந்துவிடுமா?

நீயாவது எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அதற்குள் அம்மா படம், மெழுகுவர்த்தி, "என் தெய்வம் என்னை விட்டுப் போய்விட்டது" என்று ஸ்டேட்டஸ். அம்மா கட்டிலுக்குத் திரும்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தால் அவளுக்கே இரங்கல். அவளோடு தையல் வேலை பார்த்தவர்கள் அழுதுகொண்டே வார்டுக்குள் வந்து, உட்கார்ந்து ஆப்பிள் தின்றவளைப் பார்த்து அலறினார்கள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் போனதும் சிரிப்பு நின்றது. "அக்காவுக்கு ஒரு போன் பண்ணத் தோணலை. ஊருக்குச் சொல்லத்தான் தோணுச்சு அவனுக்கு" என்றாள். அதோடு உன் பேச்சையே எடுப்பதில்லை.

வியாழக்கிழமை இதய ஆபரேஷன். இனியும் தள்ளினால் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவோ, "செத்தவளுக்கு எதுக்குடி ஆபரேஷன்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

நீ வெட்கப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போனையும் மூடி வைத்துவிட்டாய். சாப்பிட்ட தட்டைக்கூடப் படம் போட்டவன் நீ! திறந்தால் வீடு முழுக்கத் தண்ணீர், மூடினால் குழாயையே பிடுங்கிவிடுவது. நடுவில் ஓர் அளவு கிடையாதா? அந்தப் போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லையடா. பெற்றவளைக் கூப்பிட்டுப் பேசத்தான் சொல்கிறேன்.

அவள் போன் தலையணைக்கடியில் இருக்கிறது. மணி அடித்தால் எடுத்துப் பார்க்கிறாள். நீ இல்லையென்றால், நேரம் பார்த்தேன் என்று என்னிடம் சமாளிக்கிறாள். உடனே கூப்பிடு. அழுது வைக்காதே. அன்று ஸ்கேனுக்குக் கிளம்பும்போதுகூட அவள் "போயிட்டு வரேன்" என்றுதான் மாமாவிடம் சொன்னாள். இந்த முறை "போயிட்டு வாம்மா" என்று உன் வாயால் அனுப்பி வை.

நீ நன்றாயிரு. அதைப் பார்க்க அவளும் இருக்கட்டும்.

உன் அக்கா