ஏழாவது ஆட்டம் வரும்வரை தாடி

ஏப்ரல் 9, 1974
இன்று கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் தொடங்கின. கடை காலி. எங்கள் பீவர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தோற்கும்வரை, அல்லது கோப்பையைத் தூக்கும்வரை, பெல்டன் ஊரில் எந்த ஆண்பிள்ளை மேலும் கத்தியோ கத்தரியோ படக் கூடாது. முடிதிருத்துகிறவனான எனக்கும் அதே சட்டம்தான். கவலையில்லை, முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவார்கள்.

ஏப்ரல் 17
ஜெயித்துத் தொலைத்துவிட்டார்கள்!

ஏப்ரல் 30
மறுபடியும் ஜெயித்தார்கள். பொழுது போகாமல் சுவரில் இருக்கும் அணிப் படங்களைத் துடைத்தேன். 1931-இல் ஊரின் முதல் ஹாக்கி அணி ஒரே வாரத்தில் மண்ணைக் கவ்வியது. அந்த வாரமே தாத்தா கடை திறந்தார். பிறகு பேஸ்பால் அணி வந்தது, இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது. வலைக்கோலால் பந்தாடும் லக்ராஸ் அணி ஒரே பருவத்தில் கலைந்தது. அதில் கோல் காக்கும் கோலி நான். ஊர் தோற்றுத் தோற்றுத்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அடுப்பு எரிகிறது.

மே 12
இறுதிப் போட்டி. பக்கத்து ஊர் மர்ரோ லேக்கும் நாங்களும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்திருக்கிறோம். நாளை ஏழாவது, கடைசி ஆட்டம். மளிகைக்கடைக்காரன் பெட்ரிஷின், என் கடை வாசலில் நின்று கத்தினான்: "என்ன குசிக், நாம தோக்கணும்னு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துனியாமே?"
"ஜெயிச்சாலும் தோத்தாலும் நீ என் நாற்காலிலதான்டா வந்து உக்காரணும்."

மே 13
போட்டிகளை நடத்தும் லீக்கே கலைந்துவிட்டது! அதன் தலைவரைக் காணோம். ஆட்டம் கிடையாது. அப்படியானால் நாங்கள் ஜெயித்தோமா, தோற்றோமா? அது தெரியாமல் எப்படிச் சவரம் செய்வது?

ஜூன் 8
பேஸ்பாலில் பதினான்குக்குப் பூஜ்யம். தோல்விதானே! ஆசையாகக் கத்தியைத் தீட்டினேன். நகர்மன்றம் அவசரமாகக் கூடியது. மேயர் தாடிக்குள்ளிருந்து பேசினார்: "ஹாக்கிக்கு விட்ட தாடிய ஹாக்கிக்குத்தான் எடுக்கணும். பேஸ்பால் தோல்விய இதுல கலக்கக் கூடாது." ஒரே கைதட்டல். நானும் தட்டினேன் — நியாயம் அதுதானே?

ஜூன் 25
இந்தக் கோடைக்குள் ஆள் வராவிட்டால் கடையை டோனட் கடைக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். மனைவி டார்லீனிடம் சொன்னேன்.
"மொதல்ல நீ உன் மூஞ்சிய வழிச்சுக்கோ. உன்னப் பாத்து நாலு பேரு வருவாங்க."
"வழிச்சுட்டு இந்த ஊர்ல தலை காட்ட முடியுமாடி?"
"இப்ப மட்டும் எங்க தலை தெரியுது?" என்றாள். சிரிக்க முடியவில்லை. தாத்தா கடை. போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 14
ஆடிவிட்டோம்! மர்ரோ லேக்காரர்களுக்கும் அரிப்புத் தாங்கவில்லை, அவர்களே ஆள் அனுப்பினார்கள். கோடையில் ஐஸுக்கு எங்கே போவது? சர்ச் கார் நிறுத்துமிடத்தில், கான்வாஸ் ஷூவும் ரப்பர் பந்துமாக ஆட்டம். எங்கள் கோலி கியூபெக்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டதால் என்னை நிறுத்தினார்கள். இரண்டுக்கு இரண்டு. அடுத்த கோல் போட்டவன் ஜெயித்தான். அவர்களுடைய செம்பட்டைத் தாடிக்காரன் தனியாகப் பந்தோடு வருகிறான். விட்டுவிடேன், மடையா! இப்போதே முடியும், நாளைக்குக் கடை நிறையும் — நினைத்தேன், ஆமாம், நினைத்தேன். ஆனால் கால் கேட்கவில்லை. தடுத்துவிட்டது. திரும்பிப் போன பந்தை எங்கள் ஆள் கோலாக்கினான். என்னைத் தோளில் தூக்கினார்கள். அழுதேன்.

ஜூலை 15
காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஜூலை 16
பெட்ரிஷினைப் போய்ப் பிடித்தேன். "என்னடா, சவரத்துக்கு வரலையா?"
"லீக்கே இல்ல, கோப்பைய யாரு தருவா? நாம ஜெயிச்சதுக்கு இருக்கற ஒரே அத்தாட்சி இதான்" என்று தாடியை நீவினான். "இதப் போய் எடுக்கச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"
அவன் சொல்வதும் சரிதான்.

செப்டம்பர் 3
டோனட் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 20
பெட்ரிஷினின் மளிகை லாரியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். இன்று மர்ரோ லேக்கில் சரக்கு இறக்கினேன். தோற்ற ஊர் அல்லவா, முழுக்க வழவழ முகங்கள். முடிதிருத்தகத்தில் வாசல்வரை கூட்டம். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் வெளியே ஓடிவந்தான்.
"குசிக், தனியாச் சமாளிக்க முடியல. நாளையிலேருந்து வந்துடேன். ஆனா தாடிய எடுத்துட்டு வா, இங்க பாக்கறவங்களுக்கு வயிறு எரியுது."
உள்ளே நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது. நானும் பெட்ரிஷினைப் போலத் தாடியை நீவிக்கொண்டேன். பிறகு லாரியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.