நான்கு பக்கமும் கண்ணாடி

18 ஆகஸ்ட் 1991, ஞாயிறு

செம்பரம்பாக்கம் ஏரியோரம் தன் நிலத்தில் தியானம் செய்ய மரத்தாலான ஒரு சின்ன கேபின் கேட்டிருந்தார் அருள்தாஸ் சார். நான் தனியாக வரையும் முதல் வேலை. கேபின் என்றதும் கம்பெனியில் சூப்பர்வைசராக அவர் உட்காரும் கேபினைத்தான் என் கை வரைந்திருக்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடி. இன்று காட்டினேன்.

சார் சிரித்துவிட்டார். "ஷிப்ட் பூரா கண்ணாடிக்குள்ள குந்திகினு ஆளுங்கள மேய்க்கிறேன். இங்க யார மேய்க்கிறதுப்பா?"

"ஏரிப் பக்கம் மட்டும் வைக்கட்டுமா சார்?"

"வேணாம். தண்ணி எவ்ளோ ஏறிகீதுன்னு பாத்துகினே இருப்பேன்."

"கண்ணத்தான் மூடிக்கப் போறீங்களே, அப்புறம் இன்னா சார்?" பட்டென்று கேட்டுவிட்டேன்.

அவர் மனைவி குறுக்கே வந்தார். "ஒரு ஜன்னலாவது வைப்பா. தியானமா தூக்கமான்னு நான் பாக்க வேணாவா?"

அடுத்த ஞாயிறு சரியாக வரைந்து வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அதை சார் சிரிக்காமல்தான் சொன்னார்.

கூரையை ஒட்டித் திறப்பு விட்டால் காற்று வரும், எதுவும் கண்ணில் படாது. அது சுலபம். ஆனால் அதற்குள் ஒரு மனிதர் என்னதான் செய்வார்? தெரிந்துகொள்ள வீட்டில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். உடனே மின்விசிறியின் பேரிங் தேய்ந்திருப்பது காதில் விழுந்தது. ஆக, மேய்ப்பதற்குக் கண்ணே தேவையில்லை, காதே போதும். இதற்கு எந்தப் பக்கம் பலகை அடிப்பது?