நாலு முறை போய் வந்த ஊர்தி

தமாம்
12.9.1982

அன்புள்ள வஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் புண்ணியத்தில் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்த உறைக்குள் வட்டமாக ஒரு துணிச் சின்னம் இருக்கும். இங்கே சவூதியில் எங்கள் தையல் கடைக்கு வரும் அமெரிக்க இன்ஜினியர் கொடுத்தது. விண்வெளிக்குப் போய்விட்டு விமானம் மாதிரி தரையிறங்கும் ஊர்தியை அவர்கள் நாட்டில் நாலு முறை சோதனைக்குப் பறக்கவிட்டார்களாம். அதன் ஞாபகார்த்தமாகச் செய்ததாம். அவர் கோட்டில் ஒன்றைத் தைத்துக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று தந்தார். எம்பிராய்டரி என்றாலே உன் ஞாபகம்தானே!

முதலாளி இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார். நீ சரி என்று எழுதினால் கையெழுத்துப் போடுவேன்.

உன்
பக்ருதீன்

தருமபுரி
3.10.1982

அன்புக் கணவருக்கு,

வஅலைக்கும் ஸலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், சின்னத்தைக் கெடுத்துவிட்டேன்.

கைக்கு வந்ததும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். நம் இரண்டு பேருக்கும் அதே புத்தி. பெண் பார்க்க வந்த அன்று, என் முகத்தைப் பார்க்குமுன் நான் பூப்போட்ட தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தவர் நீங்கள். என்னைப் பெற்ற அத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பின்னால முடிச்சே தெரியலீங்க, எனக்குச் சம்மதம்” என்றீர்கள். வீடே சிரித்தது.

இதன் ஓரத்தை எப்படித் தைத்தார்கள் என்று பார்க்க ஒரு நூலை இழுத்தேன். சரசரவென்று சுற்றும் பிரிந்துவிட்டது. பிறகு நானே கையால் ஓரம் கட்டினேன். உங்கள் அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அவன் வூட்டுக்கு வராம இந்தத் துணிய அனுப்பியிருக்கான்?” என்றார். நான் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அந்த ஊர்தி நாலு முறை போய் நாலு முறையும் திரும்பிவிட்டதாம். நீங்கள் ஒரு முறை போனவர்தான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. வந்துவிடுங்கள்.

உங்கள்
வஹிதா

தமாம்
24.10.1982

வஹிதா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். நூலை இழுத்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் “உங்கள் இஷ்டம்” என்றே எழுதிவந்தாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு இங்கேயே கிடந்தேன்.

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும். தருமபுரியில் துணி உடுத்தாமலா இருக்கிறார்கள், தையல்காரனுக்கு வேலை கிடைக்காமல் போக? பம்பாய்க்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கிருந்து ரயில், பிறகு பஸ். அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, ஊரைக் கூட்டிவிடுவார்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் இங்கே வாங்க ஆள் இருக்காது.

பக்ருதீன்