விளக்குக்குக் குல்லா

மாமா,

இன்று காலை மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு, என் கன்னத்தில் ஏதோ மினுங்குவதாகச் சொன்னாள். கேமராவில் பார்த்தேன். ஜிகினாத்தூள். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டைக் கழுவித் துடைத்தாயிற்று, சோபாவை ஆள் வைத்துச் சுத்தம் செய்தாயிற்று, திரைச்சீலைகளை மாற்றியாயிற்று. இன்னும் இந்தச் சனியன் எங்கிருந்து வருகிறதென்று எனக்கு விளங்கவில்லை. போன வாரம் தோசை மாவில் ஒன்று மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுத் தோசை ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

மீட்டிங் முடிந்ததும் யாரிடமாவது சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. வீட்டில் ஆளில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அத்தை இறந்து சில மாதங்கள் கழித்து உங்கள் பிள்ளை உங்களைக் கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு, எங்கள் கோந்த்வா வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தார். அழைத்து வந்ததோடு அவர் வேலை முடிந்தது. காலையில் ஆபீசுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க நீங்களும் நானும் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து நாம் இருவரும் "வாங்க மாமா", "நல்லாயிருக்கியா அம்மிணி" என்பதற்கு மேல் பேசியதில்லை. இப்போது ஒரே கூடத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே.

எவ்வளவு மரியாதையாக இருந்தோம் என்று நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது. நான் நடந்துபோனால் நீங்கள் காலை மடக்கிக்கொள்வீர்கள். "மோர் வேணுமா மாமா?" என்று கேட்டால், "இருந்தாக் குடு அம்மிணி, இல்லீன்னா வேண்டாம்" என்பீர்கள். வேண்டுமா வேண்டாமா என்று கடைசிவரை தெரியாது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷர், ஓட்டுநர் கண்டக்டர் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியவர், இங்கே பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. கீழே இருந்த காவலாளி "நமஸ்தே அங்கிள்" என்றால், "வணக்கமுங்க" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் புகுந்துகொள்வீர்கள்.

இதெல்லாம் மாறியதற்குக் காரணம் என் வாய்தான். கூடத்து மூலையில் வீட்டுக்கார அம்மா விட்டுப்போன நிற்கும் விளக்கு ஒன்று இருந்தது. அதன் துணிக்கூண்டு பழுப்பேறி, ஒரு பக்கம் கறையோடு தொங்கியது. ஒருநாள் சும்மா போகிற போக்கில், "இந்த லாம்ப் ஷேடைப் பார்க்கவே சகிக்கலை மாமா" என்றேன். மறுநாள் என் மதிய வேலைக்கு நடுவே எழுந்து வந்து பார்த்தால் உங்களைக் காணோம். செருப்பும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நான் பதறிக் கீழே ஓடியபோது நீங்கள் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தீர்கள். கையில் பெரிய பை.

"எங்க போனீங்க மாமா? சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"இந்த முக்குக் கடைக்குத்தான். விளக்குக் கூண்டு பண்ற வீடியோவைப் போன்ல காட்டினேன், அந்தப் பையன் எல்லாம் எடுத்துக் குடுத்துட்டான். பேச்சே வேண்டியதில்ல."

பையில் சணல் கயிறு, வெள்ளை லேஸ், பசை, பாசிமணி, தங்க நிற ஜிகினாத்தூள். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து அந்தக் கூண்டில் கீழிருந்து மேலாகச் சணலைச் சுற்றி ஒட்டினீர்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் லேஸ் வைத்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. விளக்கைப் போட்டதும் கயிறுகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாகச் சுவரில் விழுந்தது. "ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றேன். ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். உங்கள் பிள்ளை வந்ததும் அவரிடம் ஒருமுறை, சென்னையிலிருந்து என் அம்மா போனில் கூப்பிட்டபோது ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எந்த பல்பும் சும்மா இருக்கவில்லை. படுக்கையறை விளக்குக்கு உல்லன் நூல். சமையலறைக்கு ஐஸ் குச்சி. பாத்ரூம் பல்புக்கு என் பழைய கண்ணாடி வளையல்கள். பூஜை அலமாரி விளக்குக்கு ஜவ்வரிசியை வரிசை வரிசையாக ஒட்டி முத்து மாதிரி இருக்கிறது என்றீர்கள். இரண்டே நாளில் எறும்பு வந்தது. எறும்பு வந்ததும் ஜவ்வரிசியை எடுத்தீர்களா? மஞ்சள்தூளைக் கொண்டுவந்து அதன் மேலேயே தூவினீர்கள்.

எல்லாவற்றுக்கும் நீங்கள் வைத்த பெயர் குல்லா. "அந்த விளக்குக்கு ஒரு குல்லா போட்டுறோணும்" என்று சொல்லிக்கொண்டே நடப்பீர்கள். சாப்பாட்டு மேசை முழுக்க உங்கள் சாமான். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். என் ஹேர் டிரையர் உங்கள் பசையை உலர்த்தப் போய்விட்டது. வாடிக்கையாளரோடு நான் பேசிக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து அது விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போடும். "அது என்ன சத்தம்?" என்று கேட்டால், பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்பேன்.

உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். "அப்பாவுக்குப் பொழுது போகுதுல்ல, விடேன்" என்றார். அவருக்கென்ன, பகலெல்லாம் ஆபீசில் இருக்கிறவர். உங்களிடம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமனாரிடம் எப்படிச் சத்தம் போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஹேர் டிரையரைக் கழற்றி அலமாரியில் வைப்பேன். மறுநாள் அது மேசையில் இருக்கும்.

ஊரின் இன்னொரு பக்கம் சாங்வியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தபோது, சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் விளக்கு அது. கேட்காமல் சணலைச் சுற்றியிருக்கிறோம். "யே கிஸ்னே கியா?" என்று கேட்டார். என் மாமனார் செய்தது என்று இந்தியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் குனிந்து லேஸைத் தொட்டுப் பார்த்து, "கிதி சுந்தர்" என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்றீர்கள்.

"அழகா இருக்காம்."

"அவங்களுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுக்கறேன்னு சொல்லு அம்மிணி."

அந்த ஒரு வாக்கியத்தை நான் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். அவர் அடுத்த வாரமே தன் விளக்குகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், அவருக்கும் வேண்டும். தீபாவளி நெருங்கி மாடிக்கு மாடி ஆகாச கந்தில் தொங்கவிடும் சமயம் வந்ததும், அந்தக் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். "அங்கிள், இஸ்மே பீ தோடா", இதிலும் கொஞ்சம் என்பார்கள். நீங்கள் ஜிகினா டப்பாவைத் திறப்பீர்கள். இந்த வீட்டின் ஜிகினா வரலாற்றில் அதுதான் பொற்காலம்.

பிறகு அந்த நாள் வந்தது. பதவி உயர்வுக்கு நானும் இன்னொருவரும் வரிசையில் இருந்தோம். மேலிடத்து ஆட்கள் முன்னால் நான் செய்த வேலையை விளக்கிப் பேச வேண்டும். முதல் நாளே உங்களிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினீர்கள். ஹேர் டிரையரை நானே பூட்டி வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்து, முக்கியமான இடத்துக்கு வந்தபோது கூடத்தில் பட்டென்று ஒரு சத்தம். கரண்ட் போயிற்று. கூடவே நெட்டும் போயிற்று. திரையில் எல்லோர் முகமும் அப்படியே உறைந்து நின்றது.

ஓடி வந்தேன். நீங்கள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தீர்கள். கையில் கம்பியை வளைத்துச் செய்த ஒரு கூண்டு, விரலெல்லாம் ஈரப் பசை.

"ஒண்ணுமில்ல அம்மிணி. ஹோல்டர்ல கம்பி பட்டுருச்சு. சின்னதா ஒரு பொறி."

என்னென்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. "இது வீடா பட்டறையா? கரண்ட் அடிச்சு விழுந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்? ஈரக் கையோட யாராவது ஹோல்டரைத் தொடுவாங்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். நீங்கள் ஸ்டூலிலிருந்து இறங்கி, கூண்டைக் கீழே வைத்து, உங்கள் அறைக்குப் போய்விட்டீர்கள். திரும்பக் கரண்ட் வந்து நான் இணைந்தபோது அவர்கள் அடுத்த ஆளிடம் போயிருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். பதவி அடுத்த ஆளுக்குப் போயிற்று. அந்தக் கம்பிதான் காரணமா, இல்லாவிட்டாலும் அவருக்கே போயிருக்குமா, எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை மாமா.

மறுநாள் சாப்பாட்டு மேசை காலியாக இருந்தது. துடைத்துப் பளபளவென்று இருந்தது. சாமான்களையெல்லாம் பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தீர்கள். பழையபடி பால்கனி நாற்காலி. நான் நடந்தால் கால் மடங்கியது. மோர் கேட்டால், இருந்தாக் குடு. "அப்பா ஊருக்கே போறேங்கறார், அப்படி என்ன சொன்னே?" என்று உங்கள் பிள்ளை என்னிடம் வந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பதவி உயர்வும் போய், கெட்ட பெயரும் எனக்கு.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு மத்தியானம் பால்கனிக்கு வந்து உங்கள் எதிரில் நின்றேன்.

"மாமா, கோபம்னா பதிலுக்குத் திட்டுங்க. இப்படி விருந்தாளி மாதிரி உக்காந்திருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

"கோவமெல்லாம் இல்ல அம்மிணி. வெக்கம்."

"அப்போ ஊருக்கு எதுக்குப் போறீங்க?"

கீழே வண்டிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "உங்க அத்தை இருந்த வரைக்கும் என்னையத் திட்டாத நாளில்ல. துண்டை அங்க போட்டீங்க, செருப்பை இங்க உட்டீங்கன்னு. அவ போனதுக்கப்பறம் எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசறாங்க. என்ற மகன் பேசறதே ஆஸ்பத்திரில பேசற மாதிரி இருக்குது. நீ அன்னைக்குக் கத்துனப்ப, ஒரு நிமிஷம், பழைய வீட்டுல இருக்கற மாதிரி இருந்துச்சு. அப்பறம் நீ அழுதே. அதுதான் தாங்கல."

உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பைகளை இழுத்துக்கொண்டு வந்தேன். "மேசைல பாதிதான் உங்களுக்கு. மீட்டிங் முடிஞ்ச பிறகுதான் ஹேர் டிரையர். ஹோல்டரைத் தொடக் கூடாது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடணும். ஜிகினா பால்கனியோட சரி."

"ஜிகினா உள்ள வெச்சாத்தான் காத்துல பறக்காது."

"மாமா."

"சேரி சேரி, உடு."

உடனே வாக்கு மாறினீர்கள். மறுநாளே ஜிகினா உள்ளே வந்தது. அன்றிலிருந்து நாம் தினமும் சண்டை போட்டோம். பசை மூடியைத் திறந்தே வைப்பதற்கு, என் நல்ல கத்தரிக்கோலால் கம்பியை வெட்டியதற்கு. நீங்களும் விடவில்லை. நான் காபியை மறந்து ஆறவிடுவதையும் கதவை அறைந்து சாத்துவதையும் டிப்போ குரலில் கேட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் லிப்டில் ஒருநாள், எல்லாம் சரிதானா என்று தயங்கிக் கேட்டாள். சரிதான் என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில் சாய்ந்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று காலையிலும் சண்டைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பாத்ரூம் குல்லாவைக் கழற்றிவிட்டேன், வளையல்களுக்கு நடுவே பூஞ்சை பிடித்துவிட்டது. ஜவ்வரிசியும் போய்விட்டது. கூடத்து விளக்கு இருக்கிறது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் காரியங்களை முடித்துத் திரும்பி வந்தபின் உங்கள் பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டார். அழவும் இல்லை. ஆபீசிலிருந்து வந்ததும் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார். எல்லோரும் அவரிடம் மெதுவாகப் பேசினார்கள். நானும்தான். "சாப்பிடறீங்களா?" "இருந்தா போடு, இல்லேன்னா பரவாயில்லை." மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த குடையை என் லேப்டாப் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "கண்ணு தெரியுதா இல்லையா? இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கேன்னு நினைப்பிருக்கா?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் திட்டினேன். முதலில் விழித்தார். பிறகு அவரும் கத்தினார். நான் என்றைக்கு அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், அவர் அப்பாவை எப்படியெல்லாம் பேசினேன், கதவை ஏன் அப்படி அறைந்து சாத்துகிறேன் என்று வரிசையாக வந்தது. கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமாதானம் சொல்லவில்லை. குடையை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

சாப்பிடும்போது சாம்பாரில் உப்பு அதிகம் என்றார். வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சமைக்கத் தெரியாத என்னிடம் ஏன் சொல்கிறாய் என்று ஆரம்பித்தார். நன்றாகவே சாப்பிட்டார் மாமா, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி.