துளசிக்குத் தண்ணீர் விடாத பன்னிரண்டு நாள்

மார்ச் 3, திங்கள்
சிட்லபாக்கம், எங்கள் ஃப்ளாட் மொட்டை மாடியில் இருபது துளசித் தொட்டி. இடது வரிசைக்கு தினம் தண்ணீர். வலது வரிசைக்குப் பன்னிரண்டு நாள் சொட்டு கிடையாது. வாடும் இலை வெளிச்சத்தை என்ன செய்கிறது என்பதுதான் என் பிஎச்.டி. பச்சையம் வாங்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கு செடியின் சமையலுக்கு, ஒரு பங்கு சூடாகப் போகும், மிச்சம் கண்ணுக்கே தெரியாத சிவப்பு ஒளியாக வெளியே வரும். அதை அளக்கும் மீட்டர் இரவல். 14ஆம் தேதி திருப்ப வேண்டும். மே மாதத்துக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் ஆறு வருஷப் பதிவு ரத்து.

மார்ச் 5
அசோசியேஷன் செகரட்டரி, இரண்டாம் மாடி ஸ்ரீரங்கன் சார் வந்தார். வாடிய செடி கட்டடத்துக்கு ஆகாதாம். 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.

மார்ச் 8, சனி
இலையில் க்ளிப் மாட்டி, இருட்டில் இருபது நிமிஷம் வைத்து, ஒரு ஃப்ளாஷ். மீட்டர் ஒரு எண் காட்டும்; 0.8-க்கு மேல் என்றால் இலை நலம். குடித்த செடிக்கு 0.82. குடிக்காத செடிக்கும் 0.82. தவிக்கிற செடிக்கு எண் இறங்க வேண்டாமா?

மார்ச் 10
வலது வரிசை 0.83. ஏறுகிறது, சனியன். மீட்டர் கோளாறா, நான் கோளாறா?

மார்ச் 12
கைடு மாளவிகா மேடம் கேட்டது ஒன்றுதான் – மண்ணைத் தொட்டுப் பார்த்தாயா? மேலே காய்ந்த பொடி. விரலை உள்ளே விட்டால் ஈரம். ஆறு வருஷம் படிச்சு என்ன பிரயோஜனம், விரல விடத் தோணலையே எனக்கு.

மார்ச் 13
விடியற்காலையே மாடியில் போய் உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கன் சார் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சொம்பும் கையுமாக வந்தார். நான் ஒட்டியதை நின்று படித்தார். படித்துவிட்டு ஊற்றினார். ஒரு வாரமாக இதேதானாம்.

கத்திவிட்டேன். என் டிகிரியே போச்சு, எதுக்கு சார் இப்படிப் பண்றீங்க என்று. அவர் கத்தவில்லை.

"வேற செடின்னா விட்டிருப்பேம்மா. வாடற துளசியைத் தாண்டி எப்படிப் போறது?"

கத்தரி வைத்திருக்கலாம். வெண்டை வைத்திருக்கலாம். ஒருத்தரும் சொம்போடு வந்திருக்க மாட்டார்கள். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி
மேடம் கெஞ்சிக் கூத்தாடி மீட்டருக்கு இன்னும் இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்தார். திட்டு தனி. நாளையிலிருந்து மறுபடி முதல் நாள்.

சாயங்காலம் கேட் பக்கம் ஸ்ரீரங்கன் சார் பையோடு நின்றார். படப்பையில் பெண் வீட்டுக்குப் போகிறாராம், பன்னிரண்டு நாளைக்கு. "இங்க இருந்தா ஊத்திடுவேன்" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது? தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்
நேற்று 0.73. இன்று 0.69. இறங்குகிறது. மேடம் 'சூப்பர்' என்று மெசேஜ் போட்டிருக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் வலது வரிசை தலை தொங்கிக் கிடக்கிறது, பார்க்க முடியவில்லை.

இன்னும் ஒரே நாள். இடது வரிசைக்குக் காலையிலேயே ஊற்றியாயிற்று, மாடியில் எனக்கு வேறு வேலை கிடையாது. குளித்துவிட்டுப் பாதிப் படி ஏறியபிறகுதான் பார்த்தேன், கையில் சொம்பு. கீழே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.