தாய் வந்த நாட்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. பெரிய ஆள் ஆகிவிட்டாய்! ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு, தையற்கடையில் எல்லோரிடமும் "எங்க அக்காதான், காலேஜ்ல புள்ளியியல் நடத்துறா" என்று பீற்றிக்கொண்டேன். படித்தது அப்புறம்தான்.

வீட்டில் என் வீட்டுக்காரர்தான் சத்தமாக வாசித்தார். குறைமாதக் குழந்தைகளைத் தாய் தினமும் வந்து பார்த்தால் நூற்றுக்கு எட்டுதான் இறக்கின்றன, எப்போதாவது வந்தால் இருபத்துநாலு என்று வந்ததும் நிறுத்தினார். "நீ எத்தனை நாள் போன?" என்று கேட்டார். அதற்கப்புறம் நாலு நாளாகிவிட்டது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார்.

அந்த இருபத்துநாலில் என் பாப்பாவும் ஒருத்தியா, அக்கா? போனில் கேட்டால் அழுதுவிடுவேன். எழுது.

உன் வாலு

மார்ச் 9

என் வாலுக்குட்டிக்கு,

அந்தக் கட்டுரையை மறுபடி படிக்காதே. மாப்பிள்ளையையும் படிக்க விடாதே. ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேராகவே சொல்கிறேன். நான் தப்பு செய்துவிட்டேன்.

நாலு ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளை வாங்கித்தான் அந்தக் கணக்கைப் போட்டேன். பெயர்கள் இருக்காது. எடை, தேதி, 'தாய் வந்த நாட்கள்' என்று ஒரு கட்டம், பிழைத்ததா இல்லையா என்று ஒரு கட்டம். குழந்தை எந்த அறையில் இருந்தது என்பது வேறொரு புத்தகத்தில் இருந்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகுதான் அதில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்த் தலைமை நர்ஸிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரொம்ப முடியாத குழந்தைங்களதான் மேடம் உள் அறையில வைப்போம். தொத்து வந்துடும்னு அங்க அம்மாக்கள அதிகம் விடமாட்டோம். ஏன், இத யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

புரிகிறதா? தாய் வராததால் குழந்தைகள் இறக்கவில்லை. குழந்தையின் நிலை மோசமாக இருந்ததால்தான் தாய் வர முடியவில்லை, இறந்ததும் அதனால்தான். இரண்டுக்கும் பின்னால் நின்ற மூன்றாவது காரணத்தை நான் பார்க்கவில்லை. குழப்பும் காரணி என்று வருடா வருடம் முதல் மாதத்திலேயே நான் நடத்துகிற பாடம் இது.

அந்த அறைப் புத்தகங்களையும் வாங்கி, உள் அறைக் குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். தாய் தினமும் வந்தாலும் நூற்றுக்கு முப்பது, வராவிட்டாலும் முப்பது. வெளி அறையில் இரண்டு பக்கமும் ஐந்து. வித்தியாசமே இல்லை. அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு. தனியாக ஒரு குழந்தைக்கு என்ன நடந்தது என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஆனால் நீ போகாததால்தான் என்று சொல்ல என் கணக்கில் ஒன்றுமே இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "பேப்பர்லயே வந்தாச்சு, இப்ப போய் ஏன் கிளறுறீங்க?" என்றார் துறைத் தலைவர். அந்தப் பத்திரிகையை இன்னும் எத்தனை வீட்டில் சத்தமாக வாசித்தார்களோ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பாப்பா அந்த வரிசையில் இருப்பாள் என்று எனக்கு முதலிலேயே தெரியும். தேடக் கூடாது என்று இருந்தேன். போன வாரம் தேடினேன். பெண், ஆயிரத்து நூற்று நாற்பது கிராம், உள் அறை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை.

உன் அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

அட்டவணை கிடைத்தது. எனக்குப் புரியும்படிதான் எழுதியிருக்கிறாய். அவரிடம் கொடுத்தேன். "தங்கச்சிக்காக அக்கா இதுகூடப் போட்டுத் தரமாட்டாளா?" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சவரக் கத்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. இனி வருவார் என்று தோன்றவில்லை.

அவர் நம்பவில்லை. நான் நம்புகிறேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. அதிக நேரம் இல்லாவிட்டாலும் உள் அறைக்கும் தினமும் பத்து நிமிடம் விட்டார்கள். கை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு போகலாம். முதல் மூன்று நாள் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் வாசல்வரைதான் போனேன். பாப்பாவின் நெற்றியில் ஊசி ஏற்றியிருந்தார்கள். அழ வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் தினமும் நர்ஸ் வந்து, "வரீங்களாம்மா?" என்று கேட்பாள். "ஆபரேஷன் தையல் வலிக்குது" என்பேன். அவ்வளவு வலியெல்லாம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நான் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நினைத்த ஒரு மாதமும், அவளுக்கென்று எங்கோ நீண்ட ஆயுள் இருந்தது, நான்தான் கெடுத்தேன் என்று அழ முடிந்தது. உன் கணக்குப்படி நான் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியானால் அவளுக்கு இருந்ததே பதினொரு நாள். அதில் எட்டு நாளை அவள் அம்மா இல்லாமல் கழித்தாள். அம்மா அடுத்த வார்டிலேயே இருந்தாள்.

பதில் எழுதாதே, அக்கா. எழுதினால் ஆறுதல்தான் சொல்வாய். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்.

தங்கை